மெடலைத் துலக்காதீர்கள்: பட்டாளத்தாரின் போர் நினைவுகளைப் பதிவு செய்யவும் பகிரவும்

"போரைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "என்னத்தச் சொல்றது, போனோம், வந்தோம்." அதே மனிதரிடம் "சகர்பாராவை எதுல கட்டி எடுத்துட்டுப் போவீங்க?" என்று, அந்தப் பொரித்த இனிப்புத் துண்டுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதுகுப்பை எப்படி இருந்தது, அதில் எது மேலே, எது அடியில், தண்ணீர் எப்போது தீர்ந்தது, யார் தன் பங்கைக் கொடுத்தார் என்று வரிசையாக வரும். பட்டாளத்தில் பதினைந்து, இருபது வருடம் இருந்தவருக்குப் 'போர்' என்ற சொல் ரொம்பப் பெரியது, பிடி கிடைக்காது. பொருளும் வேலையும் இடமும்தான் பிடி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் வாரம்: மைக் வேண்டாம், டிரங்குப் பெட்டி போதும்

பதிவுக்கு உட்காருவதற்கு முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நான்கு பொருட்கள் தேவை: டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல்கள், பழைய கடிதங்கள், போட்டோக்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, படைப்பிரிவு, ரேங்க் எல்லாம் இருக்கும். இதை வைத்து ஒரு பெரிய தாளில் ஆண்டு வாரியாக ஒரு கோடு போடுங்கள். வீட்டார் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. சுபேதாராக ஓய்வு பெற்றவரை 1971 போரிலும் 'சுபேதார்' என்றே எழுதிவிடுவார்கள். அன்று அவர் அதற்குக் கீழ் ரேங்கான நாயக்காகவோ லான்ஸ் நாயக்காகவோ இருந்திருப்பார். அந்த ஆண்டின் ரேங்கை எழுதினால்தான் அவர் சொல்லும் கதையின் அளவு சரியாக விளங்கும். ஒரு லான்ஸ் நாயக்குக்குத் தன் செக்‌ஷனின் பத்துப் பேர் கண்ணெதிரே இருப்பார்கள். பட்டாலியனின் திட்டம் முழுதும் அவருக்குத் தெரிந்திருக்காது, தெரிய வேண்டியதும் இல்லை.

மெடலைக் கையில் எடுத்ததும் பலருக்குப் புளியோ பிராஸோவோ போட்டுத் துலக்கத் தோன்றும். கூடாது. இந்திய ராணுவ மெடல்களின் விளிம்பில் சேவை எண், ரேங்க், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். துலக்கத் துலக்க முதலில் தேய்வது அந்த எழுத்துதான். மெடலை ஒரு கறுப்புத் துணியில் நிறுத்தி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை விளிம்புக்குக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, ஒவ்வொன்றாக மேலே வரும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஐந்தாறு படம் எடுத்தால் முழு வரியும் கிடைத்துவிடும்.

எந்த மெடல் என்பதும் முக்கியம். 1965 போரில் களப்பகுதியில் இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார், அந்தக் காலத்தில் சேவையில் இருந்த மற்றவர்களுக்கும் ரக்ஷா மெடல். 1971-ல் கிழக்குக் களத்துக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக் களத்துக்குப் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகச் சங்க்ராம் மெடல். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் ஆபரேஷன் விஜய் மெடலும். ஆக, பெட்டியில் பூர்வி ஸ்டார் இருந்தால் அவர் இன்றைய வங்கதேசப் பக்கக் களத்தில் இருந்தவர் என்பது ஒரு வார்த்தை கேட்காமலே தெரிந்துவிடும். சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972-ல் சேவையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த மெடலும், நீண்ட சேவை மெடலும் வீரத்துக்கான விருதுகள் அல்ல. இவற்றை 'வீரப் பதக்கம்' என்று எழுதிப் பொதுவில் போட்டால் பழைய பட்டாளத்தார் யாராவது முதல் கமெண்டிலேயே கேட்டுவிடுவார்கள். தலைகுனிவு போட்டவருக்கு அல்ல, தாத்தாவுக்கு. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, வீரத்துக்காகக் கொடுத்த சேனா மெடல் போன்றவைதான் வீர விருதுகள். அரசின் கேலண்ட்ரி அவார்ட்ஸ் இணையதளத்தில் விருது பெற்றவர்களின் பெயர்களைத் தேடலாம்.

கடித உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்று மட்டும் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே அப்படி ஒரு முகவரி. ஆனால் உறையில் களத் தபால் நிலைய முத்திரையும், நம் ஊர்த் தபால் நிலையம் அடித்த முத்திரையும் இருக்கும். இரண்டு தேதிகள். போட்டோக்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். தனிப் படமென்றால் பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள், பெயர்கள் அங்கேதான் இருக்கும். சாதாரண அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்ப வேண்டும்.

தேதிக்கு நம் ஊர் ஆணிகள்

ஐம்பது வருடம் கழித்துத் தேதி கேட்டால் யாருக்கும் வராது. ஆனால் "தனுஷ்கோடி புயல் சேதி வந்தப்ப எங்க இருந்தீங்க?" என்றால் வரும். அது 1964 டிசம்பர் 22 இரவு. அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டம், லீவில் வந்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தது 1966 ஜனவரி 11, அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்தவரிடம் இந்தக் கடைசி ஆணியை அடித்துப் பாருங்கள். ரேடியோவில் யார் கேட்டார், எந்த முகாம், அன்று யாரும் சாப்பிட்டார்களா என்று அந்த வாரமே திரும்பி வரும்.

போரின் சொந்த ஆணிகளும் கையில் இருக்கட்டும். 1962-ல் அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை. 1965-ல் சண்டை நிறுத்தம் செப்டம்பர் 23 விடியற்காலை. 1971-ல் டிசம்பர் 3 மாலை விமானத் தாக்குதல், 16-ஆம் தேதி டாக்காவில் சரணடைவு, மேற்கில் 17-ஆம் தேதி இரவு சண்டை நிறுத்தம். மேற்கில் இருந்த ஒருவர் "டாக்கா விழுந்தப்புறமும் ஒரு நாள் சுட்டுக்கிட்டு இருந்தோம்" என்றால் அது குழப்பமில்லை, சரியான நினைவு.

பதிவுக்கு வேண்டியவை

ஒரு செல்போன், அதில் செருகும் வயர் உள்ள காலர் மைக், ஒரு இயர்போன், சார்ஜர். இவ்வளவுதான். புளூடூத் மைக்குகள் பல ஒலியைச் சுருக்கி அனுப்பும், வயர் நல்லது. ரெக்கார்டர் செயலியில் வேவ் (WAV) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். 2 ஜிபி காலியிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு சத்தமில்லாமல் நின்றுவிடும். நாற்பது நிமிடம் பேசி முடித்த பிறகுதான் தெரியும். இரண்டாவது முறை அதே விஷயத்தைச் சொல்லச் சொன்னால் சுருக்கம்தான் வரும்.

மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண். கஞ்சி போட்ட சட்டையில் மாட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். கழுத்தில் துளசி மாலையோ சங்கிலியோ இருந்தால் மைக்கில் இடிக்கும், உள்ளே விட்டுவிடச் சொல்லுங்கள். செயலியில் தெரியும் ஒலி அளவுமானி சத்தமான பேச்சில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ராணுவத்தில் இருந்தவர்கள் பெயர் கூப்பிட்டுக் காட்டும்போது திடீரென்று பரேடு மைதானக் குரலுக்குப் போவார்கள், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

அறை சின்னதாக, கட்டில் மெத்தை, துணி அலமாரி உள்ளதாக இருந்தால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், அதன் சத்தத்தைப் பின்னால் நீக்கினால் குரலும் சேர்ந்து தேயும். ஆகவே வெயில் ஏறும் முன் முடியுங்கள். காலை டிபனும் மாத்திரையும் ஆன பிறகு எட்டு மணி நல்ல நேரம். நீர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துதான் போவார், நமக்கு அவசரமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு அமர்வு 60 முதல் 75 நிமிடம். அதற்கு மேல் அவர் தாங்குவார், நினைவு தாங்காது.

பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது சகஜம். கத்தினால் இன்னும் புரியாது, கத்தும்போது எழுத்துகளின் ஓரம் சிதைகிறது. ஒரு மீட்டருக்குள் எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்து, தாழ்ந்த குரலில் நிதானமாகக் கேளுங்கள்.

அப்புறம் பாட்டி. பக்கத்தில் இருந்தால் "அப்படியில்லீங்க, அது அடுத்த வருஷம்" என்று திருத்திக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி! ஆனாலும் தனி நாள் ஒதுக்கி அவரைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மணியார்டர் எந்தத் தேதிக்கு வந்தது, தந்தி என்றால் தெருவே எப்படி நின்றது, ரேடியோ யார் வீட்டில் இருந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதுவும் போர் நினைவுதான்.

கேட்பது

பதிவை ஓட விட்டு, தேதி, இடம், இருவர் பெயர் சொல்லித் தொடங்குங்கள். அரை நிமிடம் பேசியதும் நிறுத்தி இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு மேலே போகலாம். முதல் அமர்வில் போர் வேண்டாம். ஆள் எடுப்புக்கு எங்கே வரிசையில் நின்றார், ரயில் ஏறும்போது என்ன சட்டை, வெலிங்டனிலோ பெங்களூரிலோ முதல் வாரம் எப்படிக் கழிந்தது, லங்கர் என்ற பட்டாளச் சமையல்கூடத்தில் முதல் சப்பாத்தி எப்படி இறங்கியது. மதராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் "வீர மதராசி, அடி கொல்லு" என்ற போர் முழக்கத்தை ஒருமுறை முழுக் குரலில் சொல்லச் சொல்லுங்கள் (மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டு). ராணுவப் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் என்றால் 'தம்பி' என்ற அவர்களின் செல்லப் பேர் போதும், முகம் மாறும்.

களத்துக்கு வந்ததும் ஏ3 தாளில் அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்து வையுங்கள். ஊர்ப் பெயர்களை அவர் உச்சரிப்பிலேயே விட்டுவிட்டு, விரல் போகும் வழியை மேலிருந்து வீடியோ எடுங்கள். "எந்தக் கையில துப்பாக்கி?", "ஸ்டாண்ட்-டூ எத்தனை மணிக்கு?" (எல்லோரும் ஆயுதத்தோடு தயாராக நிற்பது), "பங்கருக்குள்ள நிக்க முடியுமா, குந்தணுமா?", "ஈர சாக்ஸை எங்க காயப் போடுவீங்க?" மாதிரியான கேள்விகள் வேலை செய்யும். "பயமா இருந்துச்சா?" வேலை செய்யாது. "எத்தனை பேரைக் கொன்னீங்க?" என்பதைக் கேட்கவே கூடாது, பேரப்பிள்ளைகள் கேட்டால் தடுத்துவிடுங்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

நினைவும் கேள்விப்பட்டதும் சினிமாவும் காலப்போக்கில் கலந்துவிடும். "இது நீங்க பார்த்ததா தாத்தா, அப்புறம் யாராவது சொன்னதா?" என்று சாதாரணமாகக் கேட்டால் கோபப்படாமல் பிரித்துச் சொல்வார்கள். தூரமும் எதிரிகளின் எண்ணிக்கையும் வருடத்துக்கு வருடம் வளரும். கை செய்த வேலையும் மூக்கு அறிந்த வாசனையும் அவ்வளவாக மாறாது. பதிவு ஓடும்போது திருத்தாதீர்கள், நோட்டில் நிமிடக் கணக்கோடு குறித்து வைத்துப் பிறகு பாருங்கள்.

மௌனம் வந்தால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பலர் ஐந்திலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள், சொல்ல வந்தது உள்ளே போய்விடும். ஆனால் எல்லா மௌனமும் ஒன்றல்ல. "போனோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "போறோம், அவன் விழறான்" என்று நிகழ்காலத்துக்கு மாறினால், மூச்சு மேலே வந்தால், விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்தால், அவர் இப்போது உங்கள் அறையில் இல்லை. மேற்கொண்டு கேட்காதீர்கள். பெயர் சொல்லி, "ஐயா, நாம வீட்டுல இருக்கோம், டீ வந்திருக்கு" என்று டம்ளரைக் கையில் கொடுங்கள், சூடு தெரியட்டும். அன்றைக்குப் பதிவு முடிந்தது. ஆனால் அப்படியே எழுந்து போகக் கூடாது. அரை மணியாவது தோட்டம், மாடு, கேன்டீன் என்று பேசிவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அன்றிரவு தூக்கம் கெடலாம். நாள் கணக்கில் தொடர்ந்தால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416-க்கு அழைக்கலாம், இலவசம், தமிழிலும் பேசலாம்.

அமைதிப்படை நினைவுகள்

1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த தமிழ்ச் சிப்பாய்களின் நினைவு தனி வகை. வழி கேட்டதும் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் தமிழில், பிறகு சண்டையும் தமிழர் ஊர்களில். 1987 நவம்பர் 25 அன்று இறந்து பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அதே களத்தவர். அதற்கு முந்தின மாதம், அக்டோபர் 21-ல், யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். நீங்கள் தமிழில் போடும் பதிவை இரண்டு பக்கத்தாரும் படிப்பார்கள், அந்த மருத்துவமனையில் உறவை இழந்தவர் உட்பட. எனவே இந்தப் பகுதியை வெட்டாமல் முழுதாகப் பதிவு செய்யுங்கள், பொதுவில் விடும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஊர் மக்களின் பெயர், வீட்டு அடையாளம், யார் உதவினார், யார் காட்டிக்கொடுத்தார் என்பவை வெளியே போகக் கூடாது. அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில் இருக்கலாம். கேட்பவர் தன் அரசியலை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். இதில் தவறுபவர்கள்தான் அதிகம்.

எழுத்தாக்குவதும் பாதுகாப்பதும்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். தானியங்கிச் செயலிகள் தமிழோடு இந்தியும் பட்டாளத்து ஆங்கிலமும் கலந்த பேச்சில் திணறும். 'பிக்கெட்' (காவல் சாவடி) 'பாக்கெட்' ஆகிவிடும், 'பல்டன்' (பட்டாலியன்) என்னவாகும் என்று சொல்லவே முடியாது. பேச்சு வழக்கை இலக்கணத் தமிழாக்காதீர்கள். புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் போட்டால் போதும். முடிந்ததும் 18 புள்ளி எழுத்தில் அச்செடுத்து அவரிடம் பேனாவோடு கொடுங்கள்.

மூல ஒலிக்கோப்பை எந்தச் செயலியிலும் திறந்து சேமிக்காதீர்கள், நகலில்தான் வெட்டு ஒட்டு. மூன்று நகல்: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ கிளவுடிலோ ஒன்று. கோப்பின் பெயரில் தேதியும் அமர்வு எண்ணும் இருக்கட்டும்.

பொதுவில் விடும்போது

அனுமதியைத் தாளில் வாங்குங்கள், பேச்சிலும் பதிவு செய்யுங்கள். பெயர் போடலாமா, முகம் காட்டலாமா, எந்த அமர்வு வீட்டுக்குள் மட்டும், அவர் காலத்துக்குப் பிறகு யார் முடிவு செய்வது என்ற நான்கும் தனித்தனியாக. 'எல்லாம் போடு' என்று சொல்பவர்களும் பகுதி பகுதியாகக் கேட்கும்போது இரண்டு மூன்று இடத்தில் வேண்டாம் என்பார்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் படத்தை அப்படியே போடுவது மிகவும் ஆபத்தானது. சேவை எண், பிறந்த தேதி, குடும்பத்தார் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதாக அழைத்து ஏமாற்றுபவர்களுக்கு இவை போதும். மறைக்கும்போது போனின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்படிக்காதீர்கள். அது பாதி ஊடுருவும் நிறம், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரியும். முழுக் கறுப்புக் கட்டத்தை வைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைப் போடுங்கள்.

அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற பிறகும் பொருந்தும். இன்றும் ஆள் இருக்கும் எல்லைச் சாவடியின் பெயர், அதற்குப் போகும் பாதை, கண்ணிவெடி, வயர்லெஸ் முறை இவை எத்தனை பழையதாக இருந்தாலும் வேண்டாம். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., அசாம் ரைபிள்ஸ் போன்றவற்றில் இருந்தவர்களுக்கு 2021-ல் வந்த ஓய்வூதிய விதித் திருத்தம் இன்னும் கடுமை. அமைப்பின் பணி தொடர்பாக எதையும் வெளியிட முன் அனுமதி வேண்டும். இப்போது சேவையில் இருக்கும் மகனையோ பேரனையோ டேக் செய்யாதீர்கள், 2020-லேயே ராணுவம் தன் வீரர்களை ஃபேஸ்புக்கிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டது.

இன்னொன்று, இறந்துபோன தோழரைப் பற்றி. 'உடனே உயிர் போனது' என்று அவர் வீட்டுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டிருக்கலாம். இவரோ அவர் இரவு முழுக்கத் தண்ணீர் கேட்டதைச் சொல்வார். அந்தக் குடும்பத்திடம் பேசாமல் பெயரோடு அதை வெளியிடக் கூடாது. பெயரை எப்படி எழுதுவது என்ற சந்தேகத்துக்கு டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் பட்டியலைப் பாருங்கள், 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன.

ஒரு பதிவுக்கு ஒரு நிகழ்ச்சி, 300 சொல் அல்லது ஐந்து நிமிட ஒலி. தலையில் ஆண்டு, களம், அன்றைய ரேங்க். மணிக்கணக்கு வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. அதே பட்டாலியனைச் சேர்ந்தவர் வந்து "அன்னிக்கு அப்படி நடக்கல" என்றால் அழிக்காதீர்கள். ஒரே இரவில் இரண்டு டிரெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு சண்டை பார்த்திருப்பார்கள், இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். இப்போதைய யூனிட் எங்கே, யார் கமாண்டர் என்று தனிச் செய்தியில் கேட்பவருக்குப் பதில் வேண்டாம். கமெண்டுகளை நீங்கள் முதலில் படித்துவிட்டு, பிறகு அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, அவர் ஆயுள் சான்று கொடுக்கப் போகும் நவம்பரில், மூன்று நகல்களையும் திறந்து ஓட விட்டுப் பாருங்கள். திறக்காதது இருந்தால் அன்றே புதிதாக ஒரு நகல் எடுத்து வையுங்கள்.